அறுபதுக்கு முப்பது

அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர். இதற்குக் குறையக் கூடாது. பின்புலம் வெள்ளை. அதில் ஒரு வட்டம். வெளிவிட்டம் 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வட்டத்தின் விளிம்பு சிவப்பு, 3 சென்டிமீட்டர் கனம். நடுவே கறுப்புப் புகை கக்கும் ஒரு சிகரெட் அல்லது பீடி. அதன் குறுக்கே அதே கனத்தில் ஒரு சிவப்புப் பட்டை. இது புகை பிடிக்கக் கூடாத இடம், இங்கே புகை பிடிப்பது குற்றம் என்று சொல்லும் எழுத்து. கட்டடத்தின் வாசலில் ஒன்று, ஒவ்வொரு மாடியிலும் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, லிப்ட் இருந்தால் அதன் வாசலிலும் ஒன்று. அங்கே யாராவது புகைத்தால் யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்று அவருடைய பெயரும் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் தெருவை அடைத்து ஃபிளெக்ஸ் வைக்கும் மதுரையில், இத்தனை கறாராக அளவு சொல்லப்பட்ட பலகை அதிகம் இருக்காது. அந்த அளவுகள் இந்திய அரசிதழில் அச்சானவை. பலகை அங்கே வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலும் மேலூர் ரோட்டிலும் உசிலம்பட்டி டீக்கடையிலும் அது இன்று எப்படி நிற்கிறது என்பதைச் சொல்ல, அது பிறந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பலகையின் முன்னோர்கள் நெருப்புக்குப் பயந்து பிறந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் ரயில் நிலையத்தை ஒட்டி எழுந்தது. பஞ்சு பறக்கும் இடத்தில் தீக்குச்சி உரசினால் என்ன ஆகும் என்று மில்லில் வேலை பார்த்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீற்றுக்கொட்டகைகளில் டூரிங் டாக்கீஸ் நடந்த காலத்தில், படம் தொடங்கும் முன் 'புகை பிடிக்காதீர்கள்' என்று ஸ்லைடு போட்டார்கள். 1952-இல் திறந்து, ஆசியாவிலேயே பெரியது என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமை பேசிய தங்கம் தியேட்டர் காலத்துப் பெரியவர்களுக்கு அந்த ஸ்லைடு நன்றாக நினைவிருக்கும். பெட்ரோல் பங்க்கில் இன்றும் அதே எச்சரிக்கை. மில்லிலும் கொட்டகையிலும் பங்க்கிலும் காப்பாற்றப்பட்டது பஞ்சு, கீற்று, பெட்ரோல். பக்கத்தில் நின்றவனின் நுரையீரலைப் பற்றி அந்தப் பலகை ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்தில் இருப்பவரை முதலில் கண்டுகொண்டது ரயில்தான். 1890-ஆம் வருஷத்து இந்திய ரயில்வே சட்டத்தின் 110-ஆவது பிரிவு, சகபயணிகளின் சம்மதம் இல்லாமல் பெட்டிக்குள் புகைப்பவருக்கு 20 ரூபாய் வரை அபராதம் என்றது. அந்தக் காலத்தில் 20 ரூபாய் என்பது பெரிய தொகை. இவ்வளவு முன்பே இப்படி ஒரு விதி இருந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் நடப்பில், சம்மதமில்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டிய பாரம் புகையில் இருமுகிறவர் தலையில் விழுந்தது. மூன்றாம் வகுப்பில் கைக்குழந்தையோடு மூலையில் ஒடுங்கியிருந்த பெண், எதிரே மீசையை முறுக்கிக்கொண்டு சுருட்டு குடித்த பெரிய மனிதரிடம் எதைச் சொல்லியிருக்க முடியும்? 1989-இல் வந்த புதிய ரயில்வே சட்டம்கூட, சகபயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, 100 ரூபாய் வரை அபராதம் போட்டது. யாராவது தடுத்தால்தான் தப்பு என்ற எண்ணம் நூறு வருஷம் நின்றது.

அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு ஜப்பானிய மருத்துவரின் கணக்கு. தகேஷி ஹிராயாமா 91,540 பெண்களை 14 வருஷம் கவனித்தார். எல்லோரும் திருமணமானவர்கள், ஒருவரும் புகைக்காதவர்கள். கணவர் அதிகம் புகைப்பவராக இருந்தால், புகைக்காத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 1981 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். சிகரெட் கம்பெனிகள் அதை மறுக்கப் பெரும் பணம் செலவழித்தன. பிறகு வந்த ஆராய்ச்சிகள் அவர் பக்கமே நின்றன.

அடுத்தவரின் புகை என்றால் ஊதி வெளியே விடும் புகை மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அறையில் தங்கும் புகையில் பெரும்பங்கு, இரண்டு இழுப்புக்கு நடுவே விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவது. நன்றாக இழுக்கும்போது எரிவதைவிடக் குறைந்த சூட்டில், அரைகுறையாக எரிவதால் அதில் சில நச்சுகள் கூடுதல். பில்டர் வழியாகவும் அது போவதில்லை. புகையிலைப் புகையில் 7,000-க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டு. ஏறக்குறைய 70 புற்றுநோய் உண்டாக்குபவை. மின்விசிறி அதைக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. ஏசி அதே காற்றைச் சுற்ற வைக்கும். இந்தப் புகையால் குழந்தைகளுக்கு ஆஸ்துமா, காதுத் தொற்று. பெரியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய். புகைக்காமலே இதனால் சாகிறவர்கள் உலகம் முழுதும் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவுக்கு மேல் போனால்தான் ஆபத்து என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு இதற்கு இல்லை.

இந்தியாவில் பலகைக்கு உயிர் கிடைத்தது கேரளத்தில். பேருந்திலும் பொது இடத்திலும் அடுத்தவர் புகையைச் சுவாசிக்க நேர்வதை எதிர்த்து கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 1999 ஜூலை 12-இல் தீர்ப்பு. பொது இடத்தில் புகைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது. காற்றைக் கெடுப்பதைக் குற்றமாக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 278-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம் என்றது நீதிமன்றம். தீர்ப்பளித்த இருவரில் ஒருவர் நீதிபதி கே. நாராயண குருப். இன்னொருவர் ஏ.ஆர். லட்சுமணன், நம் தேவகோட்டைக்காரர். மதுரையிலிருந்து கிழக்கே, ஒரு பஸ் பயணத் தூரத்து ஊர். பழைய சட்டத்தில் சகபயணியின் ஆட்சேபமாக மட்டும் இருந்த ஒன்றை, யாரும் ஆட்சேபிக்காவிட்டாலும் செல்லும் உரிமையாக மாற்றிய தீர்ப்பு அது. நம் பக்கத்து மண்ணில் பிறந்த ஒருவருக்கு அதில் பங்கிருந்தது என்பதை நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மும்பை அரசியல்வாதி முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் ஆகியவற்றில் புகைக்கத் தடை போட்டது. 2003-இல் நாடாளுமன்றம் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பொது இடத் தடை 2004 மே முதல் தேதி அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று, இந்தத் தடை அமலில் இருக்கும்போதே, மேலூர் ரோட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 'திறந்தவெளி' பொது இடமாகாது என்று அது சொல்லிவிட்டது. அப்படியானால் பஸ் ஸ்டாண்ட்? ரயில்வே பிளாட்பாரம்? அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 மே 30-இல் வந்த விதிகள் அந்த ஓட்டையை அடைத்தன. ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், விளையாட்டரங்கம் எல்லாம் தடைக்குள் வந்தன. வேலை செய்யும் இடம், கேன்டீன், காப்பிக்கடை, சிற்றுண்டிக் கடை, விருந்து மண்டபம், சினிமா தியேட்டர் என்று பட்டியல் நீண்டது. பெரிய நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. உச்ச நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. காந்தி பிறந்த நாளான 2008 அக்டோபர் 2 அன்று விதிகள் அமலுக்கு வந்தன. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் உள்ள அளவுகளும் நிறங்களும் அந்த விதிகளில் உள்ளவை.

அன்றிலிருந்து பலகை மதுரைக்குள் பல உருவத்தில் வந்தது. சுவரில் பெயிண்டர் எழுதியது, தகரத்தில் அடித்தது, ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர். ராஜாஜி மருத்துவமனைக்கு வந்தது. தென்மாவட்டத்து நோயாளிகளும் கூட வரும் உறவினர்களும் குழுமும் இடம். கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், பத்திர ஆபீஸ் எங்கும் வந்தது. பள்ளிகளுக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே இன்னொரு விதியும் இருந்தது: பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. 2023 ஜூலை 15-இல் புது நத்தம் ரோட்டில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள், நூலகத்துக்குள் யாரோ சிகரெட் பற்றவைத்த காலம் ஒன்று இருந்தது என்றால் நம்பவே மாட்டார்கள். ஓடும் டவுன் பஸ்ஸில் பீடி பிடித்தவர்களை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். இன்று அது அரிது. பலகை ஜெயித்த இடங்கள் இவை. அந்த வெற்றி சாதாரணமானதல்ல.

டீக்கடையில் பலகைக்கு எதிராளி ஒருவர் இருக்கிறார்: ஒரு கயிறு. டீக்கடையை ஒட்டிய பெட்டிக்கடையின் கம்பத்தில், நுனி கனன்றுகொண்டே தொங்கும் கயிறு. பீடியைச் சுற்றியிருக்கும் இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. விடாமல் இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும். மறுபடி பற்றவைக்க வேண்டும். அதற்குத்தான் கயிறு, இப்போது பல இடங்களில் அதன் பக்கத்தில் நூலில் கட்டிய லைட்டர். 2008 விதிகள் இதைப் பெயர் சொல்லாமல் குறிவைத்தன: பொது இடத்தின் உரிமையாளர் அங்கே சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ லைட்டரோ, புகைக்க உதவும் வேறு எதுவுமோ வைக்கக் கூடாது. சுவரில் பலகை இருந்தாலும், கயிறு தொங்கும்வரை கடைக்கு வருகிறவருக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு கயிறுதான்.

மதுரை தூங்கா நகரம். நடுநிசிக்கு மேலும் பாய்லர் கொதிக்கிறது. வெளியூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், பூ மார்க்கெட்டுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் சுமை இறக்க வந்தவர்கள், டிரைவர்கள், போலீஸ்காரர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம். டம்ளரோடு சேர்த்து விரலிடுக்கில் ஒன்று எரியும். நிற்கிறவர் பத்து நிமிஷத்தில் போய்விடுவார். டீ மாஸ்டர் போக முடியாது. தகரக் கூரைக்கு அடியில் விடிய விடிய அதே காற்றில் நிற்கிறார். கிளாஸ் கழுவும் பையனும் நிற்கிறான். அவர்கள் பீடியைத் தொட்டதே இல்லை என்றாலும் நெஞ்சுக்குள் போவது போய்க்கொண்டுதான் இருக்கிறது. அயர்லாந்து 2004 மார்ச்சில் நாடு முழுதும் வேலையிடங்களில் புகைக்கத் தடை போட்டபோது, மதுக்கடை ஊழியரின் நெஞ்சைக் காப்பதுதான் முதல் வாதம். அந்த வாதம் நம் டீ மாஸ்டருக்கும் வரி தவறாமல் பொருந்தும். முப்பது பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம் தனியாகப் புகைக்கும் அறை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் ஒரு விலக்கு தந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த அறைக்குள்ளும் தட்டெடுக்க ஒரு தொழிலாளி போயாக வேண்டும். டீக்கடைக்கோ அந்த விலக்கும் கிடையாது. இரண்டு பெஞ்சு போட்ட கடையும் சிற்றுண்டிக் கடைதான். அங்கே புகைக்கவே கூடாது.

தெருவில் இது எப்படி நடக்கிறது? பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண், "அண்ணே, பிள்ளைக்கு வீசிங் இருக்குண்ணே, செத்த தள்ளிப் போய்க் குடிங்களேன்" என்கிறார். முக்கால்வாசிப் பேர், "அட, பார்க்கலம்மா" என்று காலடியில் போட்டு நசுக்கிவிடுவார்கள். மதுரைக்காரன் முரடன் என்று சினிமா சொன்னதை நம்ப வேண்டாம். பிள்ளையைக் காட்டிக் கேட்டால் இரங்காதவர்கள் குறைவு. ஆனால் பிள்ளையைக் காட்ட வேண்டியிருக்கிறது, 'அண்ணே' என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. 1890-இல் ரயில் பெட்டி மூலையில் ஒடுங்கியிருந்த பெண்ணின் நிலை இன்னும் முழுதாக மாறவில்லை.

அந்தக் கெஞ்சலை இல்லாமல் ஆக்கத்தான் பலகையில் ஒரு பெயர் கேட்கப்பட்டது. கடைசி வரிகள்: பெயர், பதவி, தொலைபேசி எண். நான் பார்த்த பல பலகைகளில் இவை அச்சடித்தபடியே காலியாக இருக்கின்றன. புள்ளிக்கோடு இருக்கும், மேலே ஒன்றும் இருக்காது. சிலவற்றில் எப்போதோ மாற்றலாகிப் போனவரின் பெயர் மங்கிக் கிடக்கும். வட்டமும் சிவப்புப் பட்டையும் ஒழுங்காக இருக்கும்போது இந்த ஒரு வரி ஏன் காலி? பெயர் எழுதினால் பொறுப்பு வந்துவிடும். புகார் வந்தும் அந்தப் பொறுப்பாளர் எதுவும் செய்யாவிட்டால், எத்தனை பேர் அங்கே புகைத்தார்களோ அத்தனை பேருக்குரிய அபராதத்தையும் அவரே கட்ட வேண்டும் என்கிறது விதி. மொத்தச் சட்டத்திலும் பல் உள்ள இடம் இதுதான். வரியைக் காலியாக விட்டால் அந்தப் பல் விழுந்துவிடுகிறது. புகைத்தவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. 2003-இல் வைத்த தொகை. பக்கத்துக் கர்நாடகம் 2025-இல் சட்டத்தைத் திருத்தி அதை 1,000 ஆக்கிவிட்டது. தமிழ்நாடும் செய்ய வேண்டும். ஆனால் தொகை உயர்வதற்கு முன் பெயர் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. யாரும் வசூலிக்காத ஆயிரத்தைவிட, ஒருவர் பொறுப்பேற்று வசூலிக்கும் இருநூறு மேல்.

கல்யாண மண்டபங்களையும் சொல்ல வேண்டும். விதிகளில் விருந்து மண்டபம் தெளிவாக இருக்கிறது. நம் மண்டபங்களில் சமையல்கட்டுக்குப் பின்னால், பந்தி நடக்கும் இடத்துக்குக் காற்று வரும் திசையில் ஒரு கூட்டம் நின்று புகைப்பது வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. மண்டபத்துக்காரர் வாடகைக்கு விடும்போதே இதை எழுதி வாங்கினால், பெண் வீட்டார் யாரிடமும் முகம் கோண வேண்டியதில்லை. மேலூர், சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களில் ஊர்ச் சாவடியும் மந்தையும் பஞ்சாயத்து ஆபீஸும்தான் பொது இடம். ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் ஒரு சொல் சொன்னால் அரசிதழைவிட அதற்கு மதிப்பு அதிகம். பலகை இல்லாத சாவடியிலும் அந்தச் சொல் இருந்தால் போதும்.

பலகையால் போக முடியாத இடம் வீடு. 2016-17-இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வளர்ந்தவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டுக்குள்ளேயே அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறார்கள். கட்டடத்துக்குள் வேலை பார்ப்பவர்களில் வேலையிடத்தில் சுவாசிப்பவர்கள் 30.2 சதவீதம். பேருந்தையும் நீதிமன்றத்தையும் காப்பாற்றிவிட்டு, வீட்டை நாம் விட்டுவிட்டோம். ஹிராயாமா கவனித்ததும் வீட்டுக்குள் இருந்த மனைவிமாரைத்தான். செல்லூரிலோ அவனியாபுரத்திலோ ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில், அப்பா ஜன்னலோரம் நின்று ஊதினாலும் புகை தொட்டிலுக்குத்தான் வரும். இங்கே சட்டம் வராது, வரவும் வேண்டாம். அம்மாவோ மகளோ சொல்ல வேண்டும்: வாசலுக்கு வெளியே, தெருமுனைக்குப் போய். நம் வீடுகளில் செருப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது; அதை யாரும் சண்டை போட்டு நிறுத்தவில்லை.

புகைக்கிறவரை விரட்டுவது இதற்கெல்லாம் நோக்கம் இல்லை. மூட்டை தூக்குகிறவரும் ராத்திரி லாரி ஓட்டுகிறவரும் எதற்காக அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நமக்குத் தெரியும். விட நினைத்தும் முடியாதவர்கள் அவர்களில் ஏராளம். புகையற்ற இடங்கள் பெருகும்போது விடுவதும் அவர்களுக்குக் கொஞ்சம் எளிதாகிறது. புகையிலையை விட உதவும் அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356. 2018 முதல் சிகரெட், பீடிக் கட்டுகளிலேயே அச்சாகிறது. அதை உரக்கப் படித்துக் காட்டும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

உங்கள் ஆபீஸ், பள்ளி, மண்டபம், டீக்கடை எதுவானாலும் சரி, வட்டத்தையும் சிவப்புப் பட்டையையும் தாண்டிப் பலகையின் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். காலியாக இருந்தால் அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் பேனாவை நீட்டுங்கள். 2008 அக்டோபர் 2 முதல் அந்தப் பெயர் அங்கே இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.